க்ளோஸ் பண்ணியாச்சு, ஆனா போகல

க்ளோஸ் பண்ணின சாக்கெட்ல இருந்து இவென்ட் வருதுன்னு யாராவது சொன்னா, "நல்லா தூங்கி எழுந்து வந்து பேசுப்பா"ன்னுதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஆனா வருது. லினக்ஸ்ல வரும். அப்படித்தான் வரும்னு எழுதியே வெச்சிருக்காங்க.

கதை இதுதான். ஒரு சின்ன சர்வர். வெளியில இருந்து கனெக்‌ஷன் வரும், ரெண்டு வரி பேசும், போயிடும். அதுக்கு சிபியூ நூறு பர்சென்ட். எப்பவும் இல்ல. நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும், திடீர்னு ஏறும், ஏறினா இறங்காது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். (ரீஸ்டார்ட்ல சரியாகிற வியாதிக்கு நம்மாளுங்க வைத்தியமே பாக்க மாட்டாங்க. அதனாலயே இது ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சிருக்கு.) யார் எழுதினதுன்னு கேக்காதீங்க. எழுதினவர் வேற வேலைக்குப் போயிட்டார், நல்லா இருக்கட்டும்.

ஸ்ட்ரேஸ் போட்டுப் பாத்தேன். ஈபோல் வெயிட், ஒரு இவென்ட். ஈபோல் வெயிட், அதே இவென்ட். நடுவுல ரீடும் இல்ல, ரைட்டும் இல்ல. புரோகிராம் அந்த இவென்ட்டை வாங்குது, "இப்படி ஒரு கனெக்‌ஷனே என் லிஸ்ட்ல இல்லையே"ன்னு தூக்கிப் போடுது, மறுபடி வரிசையில போய் நிக்குது. கர்னல் மறுபடியும் அதையே கையில குடுக்குது.

சரி, எந்த எஃப்டின்னு பாத்தா 12. ப்ராக்குக்குள்ள அந்த ப்ராசஸோட எஃப்டி டைரக்டரியைத் திறந்தா, 12 இருக்கு. ஆனா அது இப்பதான் புதுசா வந்த வேற ஒரு கனெக்‌ஷன். பாவம், அது பாட்டுக்கு ஒழுங்கா வேலை பாத்துட்டு இருக்கு.

பக்கத்துலயே எஃப்டிஇன்ஃபோன்னு ஒரு டைரக்டரி இருக்கு, நிறைய பேர் எட்டிக்கூட பாக்கறது இல்ல. ஈபோலோட எஃப்டி நம்பரை அங்க கேட் பண்ணிப் பாருங்க. அது யார் யாரைக் கண்காணிக்குதுன்னு வரி வரியா வரும். முதல்ல டிஎஃப்டின்னு போட்டு நம்பர், அப்புறம் எந்தெந்த இவென்ட், கடைசிப் பக்கம் ஐநோட் நம்பர். அங்கதான் கூத்து.

12ன்னு ரெண்டு வரி!

ஒரே நம்பர், வேற வேற ஐநோட். ஒண்ணு புதுக் கனெக்‌ஷனோடது. இன்னொண்ணு 6147. (இந்த ஐநோட் ஹெக்ஸ்ல வரும். அதை அப்படியே தேடினா ஜென்மத்துக்கும் கிடைக்காது. டெசிமல்ல மாத்தினா 24903.) இப்போ மெஷின்ல இருக்கற எல்லா ப்ராசஸோட எஃப்டி டைரக்டரியிலயும் சாக்கெட் 24903ஐ எவன் வெச்சிருக்கான்னு தேடணும். நம்ம சர்வர்கிட்ட இல்ல. அது கிளப்பி விட்ட ஒரு குட்டி ஸ்க்ரிப்ட்கிட்ட இருக்கு. லாக் ஃபைலைச் சுருட்டி வேற மெஷினுக்கு அனுப்புற ஸ்க்ரிப்ட். அதுக்கும் இந்த சாக்கெட்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஃபோர்க் ஆகும்போது அப்பன்கிட்ட திறந்திருந்தது எல்லாம் புள்ளைக்கும் வந்துடும் இல்லையா, அந்த வகையில வந்த சொத்து.

சரி, கொஞ்சம் உள்ள போவோம்.

எஃப்டிங்கறது வெறும் நம்பர். ப்ராசஸோட டேபிள்ல எத்தனாவது கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துல ஒரு பாயின்டர் இருக்கும். அது காட்டற இடத்துலதான் நிஜமான சரக்கு, ஸ்ட்ரக்ட் ஃபைல். டூப் பண்ணாலும் சரி, ஃபோர்க் பண்ணாலும் சரி, புது ஸ்ட்ரக்ட் ஃபைல் பிறக்காது. இருக்கறதுக்கே இன்னொரு பாயின்டர் சேரும், உள்ள இருக்கற எண்ணிக்கை ஒண்ணு கூடும். க்ளோஸ்னா ஒண்ணு குறையும். பூஜ்யத்தைத் தொட்டாதான் ஃபைல் நிஜமா மூடும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ரூம் எடுத்துத் தங்கினவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கடைசியா கிளம்பறவன் ஃபேனை நிறுத்திட்டுப் பூட்டணும். உள்ள எத்தனை பேருங்கறதுதான் கணக்கு. இதுல ஈபோல் யாருன்னா, ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறவன். உள்ள நடக்கறது எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனா தலை எண்ணும்போது அவன் கணக்குல வர மாட்டான்.

என்னோட கோவம் எல்லாம் இந்த ஜன்னல் ஆசாமி மேலதான்.

அதுக்காக, யோசிக்காம பண்ணிட்டாங்கன்னு சொல்ல முடியாது. டேவிடே லிபென்ஸி 2002ல ஈபோலைக் கொண்டு வந்தார், கர்னல் 2.5.44ல. அப்போ ஈபோலையும் எண்ணிக்கையில சேத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நீங்க க்ளோஸ் பண்ணுவீங்க, ஈபோல் ஒரு கை பிடிச்சிருக்கும், எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது, சாக்கெட் மூடாது, எதிர்ப்பக்கத்துக்கு முடிஞ்சதுன்னு சேதியே போகாது. அதை விட இது தேவலைன்னு எண்ணிக்கையில சேராமலே ஒதுங்கி நின்னுட்டாங்க. அதுக்குப் பதிலா, ஃபைல் நிஜமா சாகும்போது கர்னலே போய், அதைக் கண்காணிக்கற ஈபோல் எல்லாத்துல இருந்தும் பேரை அடிச்சுடும்.

கவனிச்சீங்களா? *ஃபைல்* சாகும்போது. நம்பர் போகும்போது இல்ல.

நம்ம கேஸ்ல சர்வர் 12ஐ மூடிடுச்சு. ஆனா புள்ளைகிட்ட ஒரு காப்பி இருக்கு. ஃபைல் உயிரோட இருக்கு. எதிர்ப்பக்கம் கனெக்‌ஷனை முடிச்சுட்டுப் போயிடுச்சு, அதனால "படிக்கலாம், வா"ன்னு இவென்ட் வந்துட்டே இருக்கு. படிக்க யாரும் இல்ல. சரி, ஈபோல்ல இருந்து எடுத்துடலாம்னா, எடுக்கறதுக்கு எஃப்டி வேணும், அதான் மூடியாச்சே! இப்போ 12ன்னு சொல்லி எடுக்கப் பாத்தா, கர்னல் புது 12ஐத்தான் எடுக்கும். (ஈபோல் உள்ள ஃபைலோட அட்ரஸ், எஃப்டி நம்பர் ரெண்டையும் சேத்துதான் அடையாளம் வெச்சுக்குது. ரெண்டு 12 வந்தது அதனாலதான்.) பழசைத் தொடவே வழி இல்ல. ஒண்ணு, அந்தக் குட்டி ஸ்க்ரிப்ட் சாகணும். இல்லேன்னா ஈபோலையே மூடிட்டுப் புதுசா கட்டணும்.

ஈபோலோட மேன் பேஜ்ல இதைக் கேள்வி பதிலாவே போட்டிருக்காங்க. எஃப்டியை மூடினா ஈபோல் லிஸ்ட்ல இருந்து போயிடுமான்னு கேள்வி. பதில்: போகும், ஆனா... அப்புறம் அந்த "ஆனா"வுக்கு ஒரு பாரா.

ஃப்ரீபிஎஸ்டிக்காரங்க இந்த வம்பே வெச்சுக்கல. ஜோனதன் லெமன் எழுதின கேக்யூ 2000லயே 4.1ல வந்துடுச்சு. அங்க அடையாளம் எஃப்டிதான். எஃப்டியை மூடினா அதுக்கான கண்காணிப்பும் அதோட போச்சு, காப்பி எங்க இருந்தாலும் சரி. ஃபோர்க் பண்ணா கேக்யூ புள்ளைக்குப் போகவும் போகாது. ஈபோல் போகும். போறது மட்டும் இல்ல, புள்ளை அதுல கை வெச்சு மாத்தினா அப்பனுக்கும் மாறும். ரெண்டு வருஷம் முன்னாடியே ஒருத்தன் ஒழுங்கா பண்ணி வெச்சிருக்கானே, பாத்து எழுதியிருக்கக் கூடாதான்னு எனக்கு ஆதங்கம். பரீட்சையில பாத்து எழுதறதுதான் தப்பு, கர்னல்ல இல்ல.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. இவென்ட்டோட கூட வர்ற டேட்டா இடத்துல நிறைய பேர் தங்களோட கனெக்‌ஷன் ஸ்ட்ரக்சரோட பாயின்டரையே போட்டு வெப்பாங்க. அந்த மெமரியை ஃப்ரீ பண்ணின பிறகு பழைய இவென்ட் வந்தா? என்ஜின்எக்ஸ் ஆளுங்க இதுக்கு ஒரு அழகான வேலை பண்ணியிருக்காங்க. பாயின்டரோட கடைசி பிட் எப்பவும் பூஜ்யம்தானே, அது சும்மாதானே இருக்குன்னு, அதுல ஒரு அடையாள பிட்டை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அந்தக் கனெக்‌ஷன் இடத்தை அடுத்தவனுக்குக் குடுக்கும்போது பிட்டைத் திருப்பிப் போடுவாங்க. இவென்ட் வரும்போது பிட் ஒத்துப் போகலேன்னா, இது பழைய ஆளுக்கு வந்ததுன்னு தள்ளிடுவாங்க. ஒத்தை பிட்ல வேலை முடிஞ்சது. கஞ்சத்தனத்துலயும் ஒரு கலை இருக்கு.

இதுவரைக்கும் வெளிப்பக்கத்துத் தொல்லை. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே கர்னலுக்கு உள்ள இதே ஆசாமி பண்ணின வேலையைப் படிச்ச சந்தோஷத்துலதான்.

2024 மே மாசம் வெளியில வந்த பக் இது. ரெண்டு த்ரெட். முதல் த்ரெட் கடைசி க்ளோஸைப் பண்ணுது. எண்ணிக்கை பூஜ்யம். மூடற வேலை ஆரம்பிக்குது. அதுல ஒரு படி, ஈபோல்ல இருந்து பேரை அடிக்கறது. அதுக்கு ஈபோலோட லாக் வேணும். ஆனா லாக் ரெண்டாவது த்ரெட்கிட்ட இருக்கு. அது அந்த நேரம் பாத்து இதே ஃபைலோட போல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு "உன்கிட்ட ஏதாவது இருக்கா"ன்னு கேட்டுட்டு இருக்கு.

பயம் இல்ல, முதல் த்ரெட் லாக்குக்காகக் காத்திருக்கும், மெமரி எங்கயும் போகாது. எல்லாரும் அத்தனை வருஷம் நிம்மதியா இருந்ததுக்கு இந்த லாக்தான் காரணம்.

ஆனா எண்ணிக்கை? அது ஏற்கனவே பூஜ்யம். மெமரி இருக்கு, உயிர் இல்ல.

போல் ஃபங்ஷன் சும்மா பாத்துட்டுப் பதில் சொன்னா ஒண்ணும் ஆகாது. டிஎம்ஏ-பஃப் அப்படி இல்ல. (கிராஃபிக்ஸ், கேமரா, வீடியோ டிரைவருங்க ஒரே பஃபரைத் தங்களுக்குள்ள கை மாத்திக்கறதுக்கு இருக்கற வசதி இது.) அதோட போல் ஃபங்ஷன், "இந்த வேலை முடியற வரைக்கும் ஃபைல் எனக்கு வேணும்"னு எண்ணிக்கையில ஒண்ணு கூட்டி வெச்சுக்கும். வேலை முடிஞ்சதும் ஒண்ணு குறைக்கும். நியாயமான பழக்கம்தான். ஆனா பூஜ்யத்துல ஒண்ணைக் கூட்டினா ஒண்ணு. செத்தவன் எழுந்து உக்காந்த மாதிரி கணக்கு காட்டும். அதுக்குள்ள முதல் த்ரெட்டுக்கு லாக் கிடைச்சு, மிச்சக் காரியம் எல்லாம் முடிச்சு, மெமரியையும் குடுத்துட்டுப் போயிடும். அப்புறம் டிஎம்ஏ-பஃப் வந்து தான் கூட்டினதைக் குறைக்கும். மறுபடி பூஜ்யம். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை காரியம். அதுவும் யாரோ ஒருத்தரோட மெமரியில.

தப்பு டிஎம்ஏ-பஃப் மேலயா, ஈபோல் மேலயான்னு கர்னல்காரங்களுக்குள்ள விவாதம் நடந்துச்சு. என்னைக் கேட்டா டிஎம்ஏ-பஃப் நிரபராதி. உன்கிட்ட ஒருத்தன் ஒரு ஃபைலைக் குடுத்து கேள்வி கேக்கறான்னா, அது உயிரோட இருக்குன்னு நம்பித்தான் பதில் சொல்லுவ. நாடி பாத்துட்டுக் குடுக்க வேண்டியது குடுக்கறவன் பொறுப்பு.

லைனஸ் டோர்வால்ட்ஸும் ஈபோலைத்தான் திருத்தினார். அவரே எழுதின பேட்ச். சின்ன ஃபங்ஷன். ஈபோல் இனிமே போலைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, எண்ணிக்கை பூஜ்யமா இல்லேன்னா ஒண்ணு கூட்டிக்கும். பூஜ்யமா இருந்தா, "ஃபைலே இல்ல, நான் கேக்கவே இல்ல"ன்னு திரும்பிடும். கேட்டு முடிச்சதும் கூட்டினதைக் குறைச்சுடும். அதாவது எட்டிப் பாக்கற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அவனும் கணக்குல வர்றான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. "பூஜ்யமா பாரு, இல்லேன்னா கூட்டு"ங்கறது ரெண்டு வேலையா இருந்தா உதவாது. பாத்ததுக்கும் கூட்டறதுக்கும் நடுவுல இன்னொரு சிபியூ குறைச்சுடலாம். ரெண்டும் பிரிக்க முடியாத ஒரே அடாமிக் வேலையா நடக்கணும். ஒவ்வொரு போலுக்கும் இதைச் செய்யறது கொஞ்சம் செலவுதான். பரவாயில்லன்னு ஏத்துக்கிட்டாங்க.

(எஃப்டி டேபிள் பக்கமும் இதே மாதிரி ஒரு ஜாக்கிரதை உண்டு. 6.7ல இருந்து ஸ்ட்ரக்ட் ஃபைலோட மெமரி ஃப்ரீ ஆன உடனேயே இன்னொரு ஸ்ட்ரக்ட் ஃபைலா மறுபிறவி எடுக்கலாம். அதனால டேபிள்ல பாயின்டரைப் படி, பூஜ்யம் இல்லேன்னா கூட்டு, அப்புறம் மறுபடி டேபிளைப் பாரு, இன்னும் அதே பாயின்டர்தானான்னு. இல்லேன்னா நீ பிடிச்சது வேற யாரோட கையையோ. விட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பி. அப்புறம் 6.13ல கிறிஸ்டியன் பிரவ்னர் இந்த எண்ணிக்கைக்குன்னே தனி டைப் ஒண்ணு கொண்டு வந்தார். பல சிபியூ ஒரே ஃபைலுக்கு அடிச்சுக்கும்போது பழைய முறை திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே இருக்கும். புதுசு முதல்ல கூட்டிடும், அப்புறம் செத்ததான்னு பாக்கும். செத்ததைக் கூட்டினாலும் எழுந்திருக்காத மாதிரி நம்பரை எங்கயோ தள்ளி வெச்சிருக்காங்க.)

இதைப் படிச்சுட்டு, "பேசாம எல்லாரும் எண்ணிக்கையில சேந்துட்டா பிரச்சனையே இல்லையே"ன்னு உங்களுக்குத் தோணும். தோணணும்.

அந்தக் கதையும் லினக்ஸ்ல ஓடிட்டு இருக்கு. யூனிக்ஸ் சாக்கெட் வழியா ஒரு ப்ராசஸ் இன்னொண்ணுக்கு எஃப்டியையே பார்சல் பண்ணலாம். பார்சல் வழியில இருக்கும்போது அந்த ஃபைல் செத்துடக் கூடாதே, அதனால க்யூவுல இருக்கற பார்சலும் எண்ணிக்கையில சேரும். ரொம்ப ஒழுங்கு. இப்போ ஒரு குறும்பு பண்ணுவோம். சாக்கெட் ஜோடி ஒண்ணு எடுங்க, ஏ, பி. பி வழியா ஏவையே அனுப்புங்க. பார்சல் ஏவோட க்யூவுல போய் உக்காரும். இப்போ ரெண்டையும் மூடுங்க.

ஏவை யார் பிடிச்சிருக்கா? ஏவோட க்யூவுல இருக்கற ஏ.

எண்ணிக்கை ஒண்ணு. எந்த ப்ராசஸாலயும் அதைத் தொட முடியாது, ஆனா சாகவும் சாகாது. இந்த மாதிரி வளையங்களைக் கண்டுபிடிச்சுப் பெருக்கித் தள்ளறதுக்காகவே கர்னலுக்குள்ள ஒரு கார்பேஜ் கலெக்டர் இருக்கு! ஆமா, ஜாவால இருக்குமே அதே ஜாதி, சி-ல எழுதின கர்னலுக்குள்ள, யூனிக்ஸ் சாக்கெட்டுக்குன்னு தனியா. முதல் தடவை தெரிஞ்சுக்கிட்டப்போ நான் சிரிச்சுட்டேன்.

அதுலயும் ஓட்டை. கலெக்டர் எண்ணிட்டு இருக்கும்போதே இன்னொருத்தன் பார்சலைப் பிரிக்காம எட்டி மட்டும் பாத்தா (பீக்னு ஒரு வசதி இருக்கு), பாத்தவனுக்கும் ஒரு கை கிடைச்சுடும், ஆனா கலெக்டரோட கணக்குல அது வராது. உயிரோட இருக்கறதைக் குப்பைன்னு அள்ளிடும். சிவிஇ-2021-0920ன்னு பேர், ஆண்ட்ராய்டு போன்களை உடைக்க இதை நிஜமாவே யாரோ பயன்படுத்தியிருக்காங்க. அப்புறம் குனியுகி இவாஷிமா அந்த கலெக்டரையே புதுசா எழுதினார், 2024ல 6.10ல வந்துச்சு. வளையம் கண்டுபிடிக்க டார்ஜான் 1972ல போட்ட கிராஃப் அல்காரிதம். காலேஜ்ல மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிட்டு மறந்த அதேதான்.

ஆக, எண்ணிக்கையில சேரலேன்னா பேய், சேந்தா வளையம். ரெண்டுல எது வேணும்னு கேட்டா நான் பேயைத்தான் எடுத்துப்பேன். பேயை ஓட்ட ஒரு அடாமிக் போதும். வளையத்துக்கு ஒரு கலெக்டரே வேண்டியிருக்கு.

ஃபைலோட ஆயுசை மட்டும் ஒழுங்கா பாத்தாலும் போதாதுங்கறதுக்கு ஒரு சம்பவம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஈபோல் இவென்ட்டுக்காகக் காத்திருக்கும்போது, டிரைவர் காட்டற வெயிட் க்யூவுல தன் பேரை மாட்டி வெக்கும். அந்த க்யூ ஃபைல் இருக்கற வரைக்கும் இருக்கும்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. ஆண்ட்ராய்டோட பைண்டர் டிரைவர்ல க்யூ ஃபைலுக்குள்ள இல்ல, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியா இருந்துச்சு. "இந்த த்ரெட் முடிஞ்சுது"ன்னு ஒரு ஐஆக்டில் அடிச்சா த்ரெட்டோட மெமரி போயிடும், க்யூவும் அதோட. ஃபைல் குத்துக்கல்லாட்டம் இருக்கும். அப்புறம் ஈபோல் தன் பேரைக் கழட்ட வரும். காலியான இடத்துல கை வெக்கும்.

2017 நவம்பர்ல சிஸ்பாட் (கர்னலைக் கண்டபடி தட்டிப் பாக்கற கூகுளோட ரோபோ) இதைக் கண்டுபிடிச்சுடுச்சு. 2018 ஆரம்பத்துல கர்னல்ல திருத்தியும் ஆச்சு. ஆனா ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அறிக்கையில இது வரவே இல்ல. பல போன்களுக்குத் திருத்தம் போய்ச் சேரல. 2019 கடைசியில கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவோட மேடி ஸ்டோன் வெளியில கொண்டு வர்றாங்க, ஏற்கனவே யாரோ இதை வெச்சு போன்களை உடைச்சுட்டு இருக்காங்கன்னு. சிவிஇ-2019-2215. பாதிக்கப்பட்ட லிஸ்ட்ல கூகுளோட பிக்சல் 2 இருந்துச்சு. ரெட்மி நோட் 5, ரெட்மி 5ஏ எல்லாம் இருந்துச்சு. அப்போ நம்ம தெருவுல பாதிப் பேர் கையில அதான்.

திருத்தம் என்னன்னா, க்யூவை அழிக்கறதுக்கு முன்னாடி "நான் போறேன், எல்லாரும் கையை எடுங்க"ன்னு க்யூல இருக்கறவங்களுக்கு ஒரு தகவல். போல்ஃப்ரீன்னு பேர். சிக்னல்எஃப்டிக்காக ஏற்கனவே இருந்த ஏற்பாடுதான், பைண்டருக்கும் தேவைன்னு யாருக்கும் தோணல.

சரி, என் சர்வருக்கு வருவோம். வைத்தியம் சிம்பிள். கனெக்‌ஷனை வாங்கும்போதே அக்செப்ட்4ல க்ளோஎக்ஸெக் கொடி போட்டு வாங்கணும் (கர்னல் 2.6.28ல இருந்து இருக்கு). அப்போ வேற புரோகிராமை எக்ஸெக் பண்ணும்போது காப்பி தானா மூடிடும். வாங்கினப்புறம் தனியா கொடி போடலாம்னு நினைக்காதீங்க, அந்த இடைவெளியில இன்னொரு த்ரெட் ஃபோர்க் பண்ணிடும். அப்புறம், மூடறதுக்கு முன்னாடி ஈபோல்ல இருந்து நாமளே பேரை அடிச்சுடணும். மூடினா தானா போயிடும்னு விடக் கூடாது. டேட்டா இடத்துல பாயின்டருக்குப் பதிலா, பாதி எஃப்டி, பாதி ஒரு ஓடற நம்பர்னு போட்டேன். என்ஜின்எக்ஸ் மாதிரி ஒத்தை பிட்ல நிறுத்தற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல, 64 பிட் இருக்கும்போது கஞ்சத்தனம் எதுக்கு?

உங்க சர்வர்ல இது இருக்கான்னு பாக்க, சிபியூ ஏறற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எஃப்டிஇன்ஃபோல டிஎஃப்டி வரிகளை எடுத்து, எஃப்டி டைரக்டரியோட ஒப்பிடுங்க. இங்க இருந்து அங்க இல்லாத நம்பர், இல்லேன்னா ஒரே நம்பர் ரெண்டு வரியில, எது இருந்தாலும் பேய் இருக்கு. கோ-ல எழுதினவங்க பெரும்பாலும் தப்பிச்சீங்க, அந்த லைப்ரரியே கொடியைப் போட்டுத்தான் வாங்குது. பைத்தானும் 3.4ல இருந்து அப்படித்தான். ஆனா அது எக்ஸெக்குக்கு மட்டும்தான் காவல். மல்டிபிராசஸிங்கை ஃபோர்க் மோட்ல ஓட்டறவங்க, உங்க ஒர்க்கருங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் என்னென்ன சாக்கெட் இருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை பாத்துடுங்க.